சுட்ட மண்ணில் தீட்டிய வாழ்வு

நுழையும்முன்

அரண்மனைகளும் போர்க்களங்களும் மட்டுமே வரலாற்றைச் சொல்வதில்லை. நீர் முகந்த குடமும் எண்ணெய் வார்த்த குப்பியும் விருந்தில் கைமாறிய கிண்ணமும் வரலாறு பேசும். மத்தியத்தரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில், ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த மக்கள் தம் மட்பாண்டங்களின்மேல் தம் வாழ்க்கையையே ஓவியமாகத் தீட்டி வைத்தனர். அக்கலங்கள் பிறப்பு முதல் இறப்பு வரை அவர்களுடன் இருந்தன. அவற்றின் ஆக்கத்தையும் பயன்பாட்டையும் அவை இன்று நமக்குத் தரும் சான்றுகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உடையும், ஆனால் அழியாது

இத்தாலி நாட்டின் ஃபுளோரன்ஸ் நகரத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் 1900ஆம் ஆண்டு ஒரு துயர நிகழ்வு நடந்தது. அங்குப் பணியாற்றிய காவலர் ஒருவர் சினத்தில் மரமுக்காலி ஒன்றை எடுத்து, கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பழங்கலத்தின்மேல் வீசினார். கலம் 638 துண்டுகளாகச் சிதறியது. 'பிரான்சுவா கலம்' என்று உலகம் அறிந்த கிரேக்க மட்பாண்டம் அது. வல்லுநர்கள் துண்டுகளைப் பொறுக்கியெடுத்துப் பொருத்தினர். இன்றும் அது அதே அருங்காட்சியகத்தில் முழு வடிவுடன் நிற்கிறது.

மண்கலத்தின் இயல்பை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் விலைமதிப்பு உடையவை; ஆதலின் காலந்தோறும் உருக்கப்பட்டு வேறு பொருள்களாயின. மரமும் துணியும் மக்கின. பெருமை பெற்ற கிரேக்கச் சுவரோவியர்களின் படைப்புகள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தன. சுட்ட மண்ணோ மக்குவதில்லை. உடைந்த ஓட்டை உருக்கி விற்கவும் இயலாது. எளிய பொருளாய் இருந்ததே அதற்குக் காப்பாயிற்று. கிணறுகளிலும் கல்லறைகளிலும் குப்பைமேடுகளிலும் கிடந்த ஓடுகளே, பண்டைய கிரேக்க மக்கள் எவ்வாறு உடுத்தினர், உண்டனர், விளையாடினர், அழுதனர் என்பதற்குப் பெருஞ்சான்றுகள் ஆயின.

குயவர் குடியிருப்பு

ஏதென்ஸ் நகரின் வடமேற்கில் எரிடானோஸ் என்னும் சிற்றாற்றின் கரையில் குயவர் வாழ்ந்த பகுதி இருந்தது. கெராமெய்கோஸ் என்பது அதன் பெயர். 'கெராமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குயவரின் களிமண் என்று பொருள். இன்று சுட்டமண் பொருள்களைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் 'செராமிக்' என்னும் சொல் இவ்வேரிலிருந்து பிறந்ததே.

ஏதென்ஸ் அமைந்த அட்டிக்கா நிலப்பகுதியின் களிமண் இரும்புச்சத்து மிக்கது. சூளையில் சுட்டால் அது செம்மஞ்சள் நிறம் பெறும். அதன்மேல் கண்ணாடிபோல் மின்னும் கருநிறத்தை அக்காலக் கைவினைஞர் ஏற்றினர். கருநிறத்துக்கென அவர்கள் தனிச் சாயம் எதையும் பயன்படுத்தவில்லை என்பது வியப்புக்குரியது. களிமண்ணை நீரில் கரைத்து, கனமான துகள்கள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் மிக நுண்ணிய மண்குழம்பை வடித்தெடுத்தனர். அக்குழம்பே அவர்களது மை.

மூன்று நிலைச் சூளை

ஓவியம் தீட்டிய கலங்கள் சூளைக்குள் மூன்று நிலைகளைக் கடந்தன. முதல் நிலையில் சூளையின் காற்றுத்துளைகள் திறந்திருந்தன. வெப்பம் ஏறத்தாழ 800 பாகை செல்சியசை எட்டும்போது கலமும் குழம்பும் ஒருசேரச் செந்நிறம் அடைந்தன.

இரண்டாம் நிலையில் துளைகள் அடைக்கப்பட்டன. ஈர விறகோ பச்சை விறகோ இடப்பட்டது. போதிய காற்றின்றிப் புகை சூழ்ந்ததால் மண்ணிலிருந்த இரும்பு ஆக்சைடு தன் உயிர்வளியை இழந்தது. கலம் முழுவதும் கறுத்தது. வெப்பம் 900 பாகைக்கு மேல் உயர்ந்தபோது நுண்குழம்பு பூசிய பகுதி மட்டும் இளகி, கண்ணாடிப் படலம்போல் இறுகி மூடிக்கொண்டது.

மூன்றாம் நிலையில் துளைகள் மீண்டும் திறக்கப்பட்டன. குழம்பு பூசாத பகுதி நுண்துளைகள் வழியே உயிர்வளியை ஏற்றுச் செந்நிறத்துக்குத் திரும்பியது. இறுகிய படலத்துக்குள் காற்று புக முடியாமையால் அப்பகுதி கருநிறமாகவே நிலைத்தது.

ஒரே மண் இருவேறு நிறங்களாகப் பிரிந்த விந்தை இது. வெப்பமானி ஏதும் இல்லாத காலத்தில், தீயின் நிறத்தையும் புகையின் தன்மையையும் கண்ணால் கண்டே குயவர் இதனைச் செய்து முடித்தனர். துளையைச் சற்று முன்னதாகத் திறந்தாலும் பின்னதாகத் திறந்தாலும் பல நாள் உழைப்பு ஒரே பொழுதில் வீணாகிவிடும். கொரிந்து நகருக்கு அருகில் பெந்தெஸ்கூஃபியா என்னுமிடத்தில் கிடைத்த பழைய சுடுமண் பலகைகளில், குயவர் களிமண் வெட்டுவதும் சூளையின்மேல் நின்று தீயைக் கவனிப்பதும் வரையப்பட்டுள்ளன. தெய்வத்துக்குக் காணிக்கையாக அளிக்கப்பட்ட பலகைகள் அவை. சூளை கெட்டுவிடுமோ என்ற அச்சம் அத்தொழிலாளரின் நெஞ்சில் எந்நாளும் இருந்திருக்க வேண்டும்.

தொழிலுக்கேற்ற வடிவம்

கிரேக்கக் கலத்தின் வடிவம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பயன் உண்டு. எண்ணெய், மது, தானியம் ஆகியவற்றைச் சேமிக்க இரு கைப்பிடிகள் கொண்ட 'ஆம்போரா' பயன்பட்டது. நீர் எடுக்கும் 'ஹைட்ரியா'வுக்கு மூன்று கைப்பிடிகள்: பக்கவாட்டிலுள்ள இரண்டு தூக்குவதற்கும், பின்புறத்திலுள்ள ஒன்று நீரை ஊற்றுவதற்கும் ஆனவை. வாயகன்ற 'கிராட்டெர்' மதுவையும் நீரையும் கலக்கும் கலம். ஒற்றைக் கைப்பிடியுடைய 'ஒய்னோகோயி' மதுவை வார்க்கும் குவளை. அகன்று தாழ்ந்து, மெல்லிய தண்டின்மேல் நிற்கும் 'கைலிக்ஸ்' அருந்தும் கிண்ணம். ஒடுங்கிய கழுத்துடைய 'லெகிதோஸ்' எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்ற உதவியது. மூடியுடன் கூடிய உருண்டைச் சிமிழான 'பிக்சிஸ்' பெண்களின் ஒப்பனைப் பொருள்களையும் அணிகலன்களையும் காத்தது.

கோலம் முதல் மனித உருவம் வரை

மத்தியத்தரைக் கடற்பகுதியில் கலங்களில் ஓவியம் தீட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. கிரீட் தீவில் கி.மு. 1500 அளவில் செய்யப்பட்ட குடுவை ஒன்றில், எண்காலி ஒன்று தன் கைகளை விரித்துக் கலம் முழுவதையும் தழுவி நிற்கிறது. கடலோடு வாழ்ந்த மக்களின் கண்கள் அதில் தெரிகின்றன.

பின்னர்க் கி.மு. 900 முதல் 700 வரை கிரேக்கக் கலங்களைக் கோடுகளும் வட்டங்களும் முக்கோணங்களும் நிறைத்தன. அக்காலத்தின் இறுதிப்பகுதியில், ஏறத்தாழ கி.மு. 750இல், ஏதென்ஸில் ஓர் ஆம்போரா செய்யப்பட்டது. அதன் உயரம் 1.55 மீட்டர், ஒரு பெண்ணின் கல்லறைமேல் அடையாளமாக நிறுத்தப்பட்டது. நெருக்கமான கோலங்களுக்கு நடுவே, கட்டிலில் கிடத்தப்பட்ட உடலும் அதன் இருபுறமும் தலைமேல் கைவைத்து அழும் மாந்தரும் தீட்டப்பட்டுள்ளனர். முக்கோண மார்பும் குச்சி போன்ற கைகளுமே அவ்வுருவங்கள். எனினும் துயரம் தெளிவாகப் புலப்படுகிறது. கிரேக்கக் கலையில் மனித உருவம் பெருமளவில் இடம்பெறத் தொடங்கியது இத்தகைய இறப்புச் சடங்கின் காட்சிகளில்தான்.

கி.மு. ஏழாம் நூற்றாண்டில் கொரிந்து நகரக் கலைஞர்கள் 'கருநிற உருவ' முறையைத் தோற்றுவித்தனர். செந்நிறப் பின்புலத்தில் உருவங்களைக் கருநிறத்தில் தீட்டி, கூரிய கருவியால் கீறி உள்விவரங்களைக் காட்டுவது இம்முறை. ஏதென்ஸ் இதனைக் கற்று உச்சத்துக்கு உயர்த்தியது. பாடத்தின் தொடக்கத்தில் குறிப்பிட்ட பிரான்சுவா கலம் கி.மு. 570 அளவில் இம்முறையில் உருவானது. வனைந்தவர் எர்கோடிமோஸ், தீட்டியவர் கிளெய்தியாஸ். இருவரும் தம் பெயரை அதில் பொறித்துள்ளனர். 66 சென்டிமீட்டர் உயரமுடைய அக்கலத்தில் ஏறத்தாழ 270 உருவங்கள் உள்ளன. உருவங்களின் அருகில் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. கீழே விழுந்து கிடக்கும் ஒரு குடத்துக்கும் 'ஹைட்ரியா' என்று பெயர் எழுதியிருக்கிறார் கிளெய்தியாஸ். எழுத்தின்மீது அவருக்கிருந்த காதல் அத்தகையது.

கருநிற உருவ முறையின் பெருங்கலைஞர் எக்செகியஸ். வனைதல், தீட்டல் இரண்டிலும் வல்ல இவர் கி.மு. 540 அளவில் உருவாக்கிய ஆம்போரா இன்று வத்திக்கானில் உள்ளது. டிராய்ப் போரின் வீரர்களான அகிலீசும் அயாக்சும் ஈட்டிகளைத் தோளில் சாய்த்தபடி குனிந்து பகடையாடுகின்றனர். ஒருவர் வாயருகே 'நான்கு' என்றும் மற்றவர் வாயருகே 'மூன்று' என்றும் எழுதப்பட்டுள்ளது. போர் இல்லை, குருதி இல்லை. ஆயினும் இருவரும் டிராயிலேயே மடியப் போகின்றவர்கள் என்பதைக் காண்போர் அனைவரும் அறிவர். அந்த அறிவே அமைதியான அக்காட்சியைக் கனமாக்குகிறது. இவ்வாட்டத்தை விவரிக்கும் பண்டை இலக்கியம் எதுவும் இன்று எஞ்சவில்லை. ஏடுகள் இழந்துவிட்ட கதையைக் கலம் காத்து வைத்திருக்கிறது.

கி.மு. 530 – 520 அளவில் ஏதென்ஸில் முறை தலைகீழானது. பின்புலம் கருமையாயிற்று, உருவம் மண்ணின் செந்நிறத்திலேயே விடப்பட்டது. இதுவே 'செந்நிற உருவ' முறை. கீறலுக்கு மாற்றாகத் தூரிகையைப் பயன்படுத்தியதால் தசையின் மடிப்பும் துணியின் சுருக்கமும் உடலின் திருப்பமும் இயல்பாக அமைந்தன. கலைஞரிடையே போட்டியும் மூண்டது. யூதிமிதெஸ் என்பவர் தாம் தீட்டிய கலம் ஒன்றில், யூஃப்ரோனியோசால் இவ்வாறு ஒருபோதும் இயலாது என்னும் பொருள்படப் பெருமிதத்துடன் எழுதி வைத்துள்ளார்.

விருந்தும் பரிசிலும்

கிரேக்க ஆடவரின் சமூக வாழ்வில் 'சிம்போசியம்' என்னும் மாலை விருந்து சிறப்பிடம் பெற்றது. மஞ்சங்களில் சாய்ந்தபடி பாடலும் உரையாடலும் நிகழ்த்தினர். நீர் கலவாத மதுவை அருந்துவது நாகரிகமற்றோர் செயலாகக் கருதப்பட்டது. ஆதலின் விருந்தின் நடுநாயகமாகக் கிராட்டெர் நின்றது. எவ்வளவு மதுவுக்கு எவ்வளவு நீர் என்பதை முடிவுசெய்தவர் அவ்விருந்தின் அளவையும் ஒழுங்கையும் முடிவுசெய்தவர் ஆனார்.

கிண்ணங்களின் ஓவியங்கள் விருந்தினரோடு விளையாடின. சில கிண்ணங்களின் வெளிப்புறத்தில் இரு பெருங்கண்கள் தீட்டப்பட்டன. அருந்துவோர் கிண்ணத்தை உயர்த்தும்போது எதிரில் இருப்போருக்கு அது முகமூடியாகத் தோன்றும். வேறு சிலவற்றில் உட்குழிவில் ஓவியம் மறைந்திருந்து, மது குறையக் குறைய வெளிப்படும். எக்செகியஸ் செய்த கிண்ணம் ஒன்றின் உட்புறத்தில் மதுவின் தெய்வமான டயோனிசஸ் பாய்மரக் கப்பலில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தைச் சுற்றித் திராட்சைக்கொடி படர்ந்து ஏழு குலைகள் தொங்குகின்றன. கப்பலைச் சுற்றி ஏழு ஓங்கில்கள் நீந்துகின்றன. கிண்ணத்தில் மது நிறைந்திருக்கையில் கப்பல் மதுக்கடலில் மிதப்பதாகவே தோன்றியிருக்கும். இன்று இக்கிண்ணம் செருமனியின் மியூனிக் நகரில் உள்ளது.

ஏதெனா தேவிக்கு எடுக்கப்பட்ட பெருவிழாவில் ஓட்டம், மற்போர், தேரோட்டம் முதலிய போட்டிகள் நடந்தன. வென்றோருக்கு ஆலிவ் எண்ணெய் நிறைந்த ஆம்போராக்கள் பரிசிலாக வழங்கப்பட்டன. ஒரு பக்கத்தில் படைக்கலம் தாங்கிய ஏதெனா. மறுபக்கத்தில் வென்ற போட்டியின் காட்சி. செந்நிற உருவ முறை பரவிய பின்னரும் இப்பரிசில் கலங்கள் மட்டும் மரபு கருதிக் கருநிற உருவத்திலேயே செய்யப்பட்டன. தேர்ப்போட்டியில் முதலிடம் பெற்றவருக்கு 140 ஆம்போராக்கள் அளிக்கப்பட்டதைக் கல்வெட்டொன்று தெரிவிக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 39 லிட்டர் எண்ணெய் கொள்ளும். வென்றவர் அவ்வெண்ணெயை விற்றுப் பொருள் ஈட்டவும் முடிந்தது.

இல்லமும் மழலையும்

ஏதென்ஸ் பெண்கள் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்தவை ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. அவர்தம் அன்றாடத்தைக் காண உதவுவன கலங்களே. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஹைட்ரியாக்கள் பலவற்றில், பொது நீரூற்றில் பெண்கள் குடத்துடன் கூடிநின்று பேசும் காட்சி உள்ளது. நீர்க்குடத்திலேயே நீர் எடுக்கும் காட்சி! நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சிறிய லெகிதோஸ் ஒன்றின் உயரம் 17 சென்டிமீட்டர் மட்டுமே. அமாசிஸ் ஓவியர் எனப்படுபவர் தீட்டியதாகக் கருதப்படும் அதில், பெண்கள் கம்பளியை எடைபோடுகின்றனர்; நூற்கின்றனர்; நிமிர்ந்து நிற்கும் தறியில் நெய்கின்றனர். மரத்தறிகள் மக்கிப்போயின. அவற்றில் நெசவு எவ்வாறு நடந்தது என்பதை அறிய இவ்வோவியம் துணை நிற்கிறது.

எனினும் இக்காட்சிகளை அப்படியே நிழற்படம்போல் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றைத் தீட்டியோர் பெரும்பாலும் ஆடவர். வாழ்க்கை இருந்தவாறு மட்டுமன்றி, அது எவ்வாறு இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினரோ அவ்வாறும் தீட்டினர். எவர் தீட்டினார், எவருக்காகத் தீட்டினார் என்னும் வினாக்களுடனேயே ஓவியத்தை அணுகுதல் வேண்டும்.

குழந்தைகளும் கலங்களில் இடம்பெற்றனர். ஏதென்ஸ் சந்தைவெளி அகழாய்வில், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த விந்தையான சுடுமண் பொருள் ஒன்று கிடைத்தது. உயர்ந்த அடிப்பகுதியும் கால்களை நுழைக்கும் திறப்பும் உடைய அது குழந்தைக்கான இருக்கை. கழிப்பிடமாகவும் அது பயன்பட்டது. கிண்ணமொன்றின் ஓவியத்தில், அத்தகைய இருக்கையில் அமர்ந்த குழந்தை எதிரிலுள்ள தாயை நோக்கிக் கைநீட்டுகிறது. பொருளின் பயனை ஓவியம் விளக்கியது. ஓவியத்தின் உண்மையைப் பொருள் மெய்ப்பித்தது.

இறுதி வழித்துணை

ஏதென்ஸில் மணமக்களின் நீராட்டுக்குரிய நீரை 'லூட்ரோஃபோரோஸ்' என்னும் நெடுங்கழுத்துக் கலத்தில் கொணர்வது மரபு. மணமாகாமல் இறந்தவரின் கல்லறையில் அதே கலத்தின் வடிவை வைத்தனர். வாழ்நாளில் நிகழாத திருமணத்தை அக்கலம் குறித்து நின்றது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வெண்ணிறப் பூச்சின்மேல் மென்னிறங்களில் தீட்டப்பட்ட லெகிதோஸ்கள் இறந்தோர்க்கு எண்ணெய் படைக்கப் பயன்பட்டன. கல்லறையில் அமர்ந்திருக்கும் இளைஞன், கூடையுடன் வரும் பெண், படகுடன் காத்திருக்கும் மறுவுலக ஓடக்காரன் ஆகிய காட்சிகளில் ஆரவாரமில்லாத துயரம் நிறைந்துள்ளது. இக்கலங்கள் சிலவற்றின் கழுத்துக்குள் சிறு கிண்ணம் ஒன்று மறைவாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதை நிரப்பினாலே கலம் முழுவதும் நிரம்பியதுபோல் தோன்றும். எண்ணெயின் விலையும் குடும்பத்தின் வறுமையும் அன்பும் ஒருங்கே அந்தச் சிறு கிண்ணத்தில் வெளிப்படுகின்றன.

ஓட்டில் எழுதிய தீர்ப்பு

உடைந்த கலத்துக்கும் ஏதென்ஸ் மக்களாட்சியில் ஒரு பணி இருந்தது. நகருக்குத் தீங்காக வளரக்கூடும் என மக்கள் கருதிய தலைவர் ஒருவரைப் பத்தாண்டுகள் நாடுகடத்தும் உரிமை குடிமக்களுக்கு இருந்தது. பானையோட்டில் அவர் பெயரைக் கீறி இடுவதே வாக்களிக்கும் முறை. ஓட்டுக்கு 'ஓஸ்ட்ரகோன்' என்று பெயர். விலக்கிவைத்தலைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசிசம்' என்னும் சொல் இதிலிருந்து தோன்றியது.

எழுதத் தெரியாத குடிமகன் ஒருவர், அருகில் நின்றவரிடம் ஓட்டைக் கொடுத்து 'அரிஸ்டெய்டெஸ்' என்று எழுதித்தருமாறு வேண்டினார்; நின்றவரோ அரிஸ்டெய்டெசே! அவர் என்ன தீங்கு செய்தார் என்று கேட்டதற்கு, அவரை எங்கும் 'நேர்மையாளர்' என்று புகழக் கேட்டுச் சலித்துவிட்டதாக அக்குடிமகன் கூறினாராம். அரிஸ்டெய்டெஸ் மறுக்காமல் தம் பெயரை எழுதிக் கொடுத்தார் என்று புளூட்டார்க் குறிப்பிடுகிறார்.

ஓடுகள் மற்றொரு கதையையும் கூறுகின்றன. ஏதென்ஸ் மலைக்கோட்டையின் வடசரிவில் உள்ள கிணற்றில் 190 ஓடுகள் ஒருங்கே கிடைத்தன. அனைத்திலும் தெமிஸ்டோக்ளிஸ் என்னும் தலைவரின் பெயர். கையெழுத்தை ஆராய்ந்தபோது, அவற்றை எழுதியவர்கள் 14 பேர் மட்டுமே என்பது தெரியவந்தது. வாக்காளருக்கு வழங்குவதற்கென ஒரு குழுவினர் முன்கூட்டியே எழுதிவைத்த ஓடுகள் அவை எனக் கருதப்படுகிறது. நூல்கள் சொல்லாத அரசியல் தந்திரத்தைக் குப்பையிலிருந்த ஓடு வெளிப்படுத்தியது.

கடல் கடந்த கலங்கள்

ஏதென்ஸ் கலங்கள் மிகுதியாகவும் முழுமையாகவும் கிடைத்த இடம் ஏதென்ஸ் அன்று. இத்தாலியின் எத்ருஸ்கர் கல்லறைகளே. அதனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இவை எத்ருஸ்கர் செய்தவை என்றே பலரும் எண்ணினர். இங்கிலாந்தின் பீங்கான் தொழில் முன்னோடி ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் தொடங்கிய தொழிற்கூடத்துக்கு 'எத்ரூரியா' என்று பெயரிட்டது அதனாலேயே. பின்னர்க் கலங்களிலிருந்த கிரேக்க எழுத்துகள் உண்மையை உணர்த்தின. நிகோஸ்தெனெஸ் என்னும் ஏதென்ஸ் குயவர், எத்ருஸ்கர் விரும்பிய வடிவத்திலேயே ஆம்போராக்களைச் செய்து அவர்களுக்கு அனுப்பினார். வாங்குவோர் விருப்பம் அறிந்து பொருள் செய்யும் ஏற்றுமதி வணிகம் அன்றே வேரூன்றியிருந்தது.

கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில் செந்நிற உருவ ஓவியம் மறைந்தது. உலோகக் கலங்களைப் போன்று அச்சில் வார்த்த புடைப்புக் கலங்கள் பரவின. அவற்றின் வழிவந்ததே, உரோமானியர் காலத்தில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் செய்யப்பட்ட மெருகேறிய 'அரெட்டைன்' செங்கலம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், அரெட்டைன் ஓடுகளும் மத்தியத்தரைக் கடற்பகுதி ஆம்போராத் துண்டுகளும் கிடைத்தன. அரெட்டைன் கலத்தின் காலம் முன்னரே தெளிவாக அறியப்பட்டிருந்தமையால், அரிக்கமேட்டின் காலத்தைக் கணிக்க அவ்வோடுகள் உதவின. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பற்றிய புறநானூற்றுக் குறிப்புக்கு மண்ணே சான்றளித்தது எனலாம்.

தெரிந்து தெளிவோம்
கி.மு. 490இல் நிகழ்ந்த மராத்தான் போரில் இறந்த ஏதென்ஸ் வீரர்கள் 192 பேர். அவர்களைப் புதைத்த மேட்டில் லெகிதோஸ்கள் கிடைத்தன. போரின் ஆண்டு உறுதியாகத் தெரிவதால், அவற்றை ஒத்த பிற கலங்களின் காலத்தைக் கணிக்க அவை அளவுகோலாக விளங்குகின்றன.

பெயரற்ற கைகள்

கலைஞர் பலர் தம் பெயரை எழுதவில்லை. எழுதியோர் பெயர்களுள்ளும் லிடோஸ் என்பது லிடியா நாட்டவரையும், ஸ்கிதெஸ் என்பது சித்தியரையும் குறிப்பது. அயல்நாட்டினரும் அடிமைகளும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்ததை இப்பெயர்கள் காட்டுகின்றன. நகரின் புகழை உலகெங்கும் பரப்பிய கைகள் சிலவற்றுக்கு அந்நகரில் வாக்குரிமை இருந்ததில்லை.

ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜான் டேவிட்சன் பீஸ்லி (1885 – 1970), ஓவியங்களில் காதுமடலும் கணுக்காலும் துணிமடிப்பும் வரையப்பட்ட பாங்கை நுணுகி ஆராய்ந்தார். ஒருவர் தம்மை அறியாமலேயே ஒரே விதமாக வரையும் சிறு கோடுகளைக் கையெழுத்தாகக் கொண்டு, ஆயிரக்கணக்கான கலங்களை அவற்றைத் தீட்டியோர்வாரியாகப் பகுத்தார். பெயர் தெரியாதோர்க்கு 'பெர்லின் ஓவியர்', 'அகிலீஸ் ஓவியர்' எனப் பெயரிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மறக்கப்பட்டிருந்தோர் தனிமனிதராக மீண்டும் அறியப்பட்டனர்.

இடம் இழந்த கலம்

யூஃப்ரோனியோஸ் தீட்டிய கிராட்டெர் ஒன்றில், போரில் வீழ்ந்த சர்பெடோனின் உடலை உறக்கமும் இறப்புமாகிய இரு சிறகுடைய உடன்பிறந்தோர் மெல்லத் தூக்குகின்றனர். 1972இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதனைப் பத்து இலட்சம் டாலர் விலையில் வாங்கியது. இத்தாலியின் செர்வெட்டெரி நகருக்கு அருகிலுள்ள எத்ருஸ்கர் கல்லறையிலிருந்து அது களவாக அகழப்பட்டது என்பது பின்னர்ப் புலனாயிற்று. நெடிய பேச்சுக்குப்பின் 2008இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. இன்று செர்வெட்டெரியிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

கலம் மீண்டது, ஆயினும் அதனுடன் இருந்த செய்திகள் மீளவில்லை. அது யாருடைய கல்லறையில், எப்பொருள்களுக்கு நடுவே, எந்நிலையில் இருந்தது என்பன களவுத்தோண்டலில் அழிந்துபோயின. உடைந்த கலத்தை ஒட்ட முடியும் என்பதைப் பிரான்சுவா கலம் காட்டியது. பிடுங்கி எறியப்பட்ட சூழலை ஒட்ட முடியாது என்பதை யூஃப்ரோனியோசின் கலம் காட்டுகிறது. மண்ணுள் கிடக்கும் ஓடு கிடந்த இடத்தோடு சேர்ந்தே வரலாறாகிறது. கண்டெடுப்பவர் அதனை மறைக்காமல் உரியவரிடம் தெரிவித்தால், அந்த வரலாறு அனைவருக்கும் உரியதாகும்.

மண்ணை எடுத்தவர், வனைந்தவர், தீட்டியவர், தீயைக் காத்தவர் அனைவரும் மறைந்தனர். அவர்கள் செய்த கிண்ணம் இன்றும் கையில் எடுக்கும் அளவிலேயே இருக்கிறது. சிலவற்றில் அவற்றை வனைந்தவரின் விரல்தடமும் மண்ணோடு சுடப்பட்டு நிலைத்துள்ளது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் அல்லது அருகில் வாழும் மட்பாண்டத் தொழிலாளரைச் சந்தித்து, மண் தேர்வு முதல் சூளை பிரித்தல் வரையிலான படிநிலைகளைக் கேட்டறிந்து தொகுப்புரை எழுதுக.
2. உங்கள் வீட்டில் புழங்கும் ஐந்து கலங்களைத் தேர்ந்து, அவற்றின் வடிவத்துக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பை விளக்கி வகுப்பறையில் உரையாற்றுக.
3. 'தொல்பொருள்கள் கண்டெடுக்கப்பட்ட நாட்டிலேயே இருத்தல் வேண்டும்' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக
1. மதுவையும் நீரையும் கலக்கப் பயன்பட்ட கலம்
அ) லெகிதோஸ் ஆ) கிராட்டெர் இ) பிக்சிஸ் ஈ) ஹைட்ரியா
2. அரிக்கமேட்டின் காலத்தைக் கணிக்கத் துணைநின்றவை
அ) பரிசில் ஆம்போராக்கள் ஆ) வெண்ணிற லெகிதோஸ்கள் இ) அரெட்டைன் ஓடுகள் ஈ) பெந்தெஸ்கூஃபியா பலகைகள்

குறுவினா
1. ஹைட்ரியாவின் மூன்று கைப்பிடிகளும் எவ்வெவற்றுக்குப் பயன்பட்டன?
2. 'எத்ரூரியா' என்னும் பெயர் தொழிற்கூடத்துக்கு இடப்பட்டதன் காரணம் யாது?

சிறுவினா
1. கருநிற உருவ முறைக்கும் செந்நிற உருவ முறைக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. கிணற்றில் கிடைத்த 190 ஓடுகள் ஏதென்ஸ் அரசியல் குறித்து உணர்த்துவன யாவை?
3. கலங்களில் உள்ள பெண்களின் வாழ்க்கைக் காட்சிகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்பது ஏன்?

நெடுவினா
1. ஏதென்ஸ் மக்களின் வாழ்வில், பிறப்பு முதல் இறப்பு வரை ஓவியக் கலங்கள் பெற்றிருந்த இடத்தைச் சான்றுகளுடன் விவரிக்க.
2. 'உடைந்த கலத்தை ஒட்ட முடியும். பிடுங்கி எறியப்பட்ட சூழலை ஒட்ட முடியாது' – பாடத்தின்வழி இக்கூற்றை நிறுவுக.